ஆழியாறு முதல் சித்தூர்ப்புழை வரை: நீர்மட்டம் பார்த்துத் தூண்டில் போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூண்டில் கம்போடு போய்வருகிறவன் நான். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு என்றும், எல்லை தாண்டினால் சித்தூர்ப்புழை, கண்ணாடிப்புழை என்றும் பெயர் பெற்று, பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகப் போகும் ஆறு இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஆனைமலை நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வானத்தைப் பார்த்தால் போதாதா? அணை நிலவரம் எதற்கு?

இந்த ஆற்றுக்கு வானம் மட்டும் போதாது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட, 1958 முதல் செல்லுபடியாகும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே தண்ணீர் மலைச்சரிவைக் கேட்டு ஓடுவதில்லை, மதகைக் கேட்டு ஓடுகிறது. வால்பாறையில் கொட்டும் மழையின் பெரும்பகுதி முதலில் சோலையாறு அணைக்குப் போகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், பிறகு சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு பங்கு மலையடிவாரக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கும், ஒரு பங்கு ஆழியாறு அணைக்கும் பிரிகிறது. மேல் ஆழியாற்றின் தண்ணீரோ நவமலை மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு அதே அணையில் வந்து விழுகிறது.

அதனால்தான் வால்பாறையில் மூன்று நாள் அடைமழை பெய்தும் ஆனைமலையில் ஆறு அசையாமல் கிடப்பதுண்டு. வெயில் கொளுத்தும் ஒரு பிற்பகலில் முழங்கால் அளவு தண்ணீர் இடுப்புக்கு ஏறுவதும் உண்டு. வானத்தை மட்டும் நம்பிப் போகிறவன் இரண்டு வகையிலும் ஏமாறுவான். முதல் ஏமாற்றத்தில் மீன் கிடைக்காது. இரண்டாவதில் உயிர் போகலாம்.

செய்தித்தாளில் வரும் நாலைந்து எண்களில் எதை முதலில் பார்ப்பது?

வெளியேற்றத்தை. நீர்மட்டம் எத்தனை அடி என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் ஆற்றில் நிற்கிற நமக்கு அது இரண்டாவது செய்தி. அணையிலிருந்து நொடிக்கு எத்தனை கனஅடி வெளியே போகிறது என்பதுதான் நம் காலடியில் வரப்போகும் தண்ணீர்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மொத்த வெளியேற்றம் முழுவதும் ஆற்றில் வருவதில்லை. பொள்ளாச்சிக் கால்வாய், வேட்டைக்காரன்புதூர்க் கால்வாய் ஆகியவற்றுக்குத் திறப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஐந்நூறு கனஅடி வெளியேற்றம் என்று படித்துவிட்டுப் போனால், அதில் முந்நூறு கால்வாயில் போய், ஆற்றில் இருநூறுதான் ஓடும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில், “ஆற்றில் எவ்வளவு, கால்வாயில் எவ்வளவு” என்று தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்து விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், அவருக்கு அது வயிற்றுப்பாடு.

அடுத்து, நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆழியாறு அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 3.864 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி). நீர்த்தேக்கத்தின் பரப்பு நிறைந்திருக்கும்போது சுமார் 6.5 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 7 கோடி சதுர அடி. மட்டம் 118 அடியில் நின்றால் மீதி இரண்டடிக்கு 14 கோடி கனஅடி தண்ணீர் பிடிக்கும். வரத்து, வெளியேற்றத்தைவிட நொடிக்கு 1,600 கனஅடி அதிகமாக இருந்தால் அந்த இடைவெளி ஒரே நாளில் நிரம்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் உபரியாக ஆற்றுக்குத்தான். இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் நான் இதைப் போடாமல் வண்டியை எடுப்பதில்லை.

கனஅடி என்பது கண்ணுக்குப் பிடிபடவில்லை. எளிதாகச் சொல்ல முடியுமா?

ஒரு கனஅடி 28.3 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு குடம். நொடிக்கு நூறு கனஅடி என்றால் ஒவ்வொரு நொடியும் இருநூறு குடம் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது.

நேரில் அளந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஆழம் குறைந்த, நேராக ஓடும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, உரிக்காத காய்ந்த தேங்காய் ஒன்றை நடு ஆற்றில் விடுங்கள். முதல் குச்சியிலிருந்து இரண்டாவதற்குப் போக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். பதினேழு நொடி என்றால் மேற்பரப்பு வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். அடியில் மணலும் கல்லும் இழுப்பதால் சராசரி வேகம் அதில் ஏறத்தாழ 85 விழுக்காடுதான் இருக்கும், 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆற்றின் அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் 20 × 0.5 × 0.5 = 5 கனமீட்டர். ஒரு கனமீட்டர் 35.3 கனஅடி என்பதால், உங்கள் முன்னால் ஓடுவது ஏறக்குறைய 176 கனஅடி. ஒருமுறை இப்படி அளந்துவிட்டால், பிறகு “175 கனஅடி” என்று படிக்கும்போது அந்த ஆறே கண்முன் வந்து நிற்கும். தேங்காயை மட்டும் கீழே யாராவது நின்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லை தாண்டினால் எண்கள் வேறு மாதிரி வருகின்றனவே?

ஆம், இங்கே பலர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் அணை மட்டத்தை அடியில், ஆற்றுப்படுகையிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். பாலக்காட்டு அணைகளுக்கு மீட்டரில், கடல் மட்டத்திலிருந்து சொல்கிறார்கள். மலம்புழை அணையின் முழு மட்டம் 115.06 மீட்டர், வாளையாறு அணைக்கு 203 மீட்டர். “203” என்பதைப் பார்த்து வாளையாற்றை இமயமலை அணை என்று நினைத்துவிடக் கூடாது. முழு மட்டத்திலிருந்து இன்று எவ்வளவு கீழே இருக்கிறது என்ற வித்தியாசமே பயன்படும் செய்தி.

ஓட்டத்தையும் அங்கே கனமீட்டரில் சொல்வதுண்டு. “பத்து” என்று கேட்டு அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், அது 353 கனஅடி. மலையாள அறிவிப்பில் “ஜலநிரப்பு” என்று வந்தால் நீர்மட்டம். அணை நிரம்பும்போது நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை விடுவார்கள். சிவப்புக்கு அடுத்தது ஷட்டர் திறப்புதான்.

சரி, எத்தனை கனஅடியில் மீன் நன்றாகக் கடிக்கும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒற்றை எண்ணாக இதற்குப் பதில் கிடையாது. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் 90 கனஅடியிலும் கூடை நிறைந்த நாள் இருக்கிறது, 400 கனஅடியிலும் இருக்கிறது. அதே அளவுகளில் வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களைப் பிரித்துக் காட்டுவது அளவு அல்ல, அளவு எந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான்.

தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கும் முதல் சில மணி நேரம் நல்ல வேளை. கரையோரப் புல்லுக்குள் நீர் நுழையும், மண்புழுவும் பூச்சியும் அடித்து வரப்படும், கெண்டையும் கெளுத்தியும் நடு ஆற்றை விட்டுக் கரைக்கே வந்து மேயும். அப்போது தூரமாக வீசுகிறவர்கள் மீனைத் தாண்டி வீசுகிறார்கள். இரண்டு முழம் தள்ளிப் போட்டாலே போதும். நிறம் தேநீர் போல இருக்கும்வரை இந்த வேளை நீடிக்கும்.

செம்மண் கரைந்து காவி நிறமாகி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் முடிந்தது. மீன் பாறை மறைவிலும் மரவேர் இடுக்கிலும் ஒடுங்கிக்கொள்ளும். ஈயக்குண்டு தரையில் நிற்காது, நரம்பில் சருகு சுற்றும். கெளுத்தி ஒன்றிரண்டு மண்புழுவுக்கு வரலாம். அதற்காக அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பது தகாது.

என் கணக்கில் ஆகச் சிறந்த நாட்கள் வெள்ளம் வடியும் நாட்கள். உச்சம் போய் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மட்டம் மெதுவாக இறங்கும், தண்ணீரில் முழங்கை அளவு ஆழத்தில் விரல் தெரியத் தொடங்கும். பட்டினி கிடந்த மீன் மடுவின் தலைப்பில், வேகமான நீரும் அமைதியான நீரும் உரசும் கோட்டில் வந்து நிற்கும். ரோகு, மிர்கால் இரண்டுக்கும் அடித்தரையில் மாவு உருண்டை. ஆறு பெருக்கெடுத்த செய்தி வரும்போது ஊர் முழுவதும் ஆற்றைப் பார்க்க ஓடுகிறது. நான் அன்றைக்கு வீட்டில் இருந்து முள் கட்டுகிறேன், மூன்றாம் நாளுக்காக.

மதகைச் சட்டென்று மூடி மட்டம் ஒரே இரவில் விழுந்தால் கதை வேறு. மீன் மிரண்டு ஆழ மடுவுக்குள் இறங்கிவிடும், ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காது. கரைப் பள்ளங்களில் குஞ்சுகள் சிக்கிக் கிடக்கும். அவற்றைக் கையால் அள்ளி ஆற்றில் விட்டுவிட்டு வாருங்கள், அன்றைய பயணம் அதற்காகவாவது பயன்படட்டும்.

ஒரே சீராகப் பல நாள் ஓடும் தண்ணீரை ஜிலேபிக் கெண்டை விரும்பும். விரால் ஓட்டத்தைப் பொருட்படுத்தாது, ஒதுங்கிய தேங்கலும் கோரையும் இருந்தால் போதும்.

அந்தச் சீரான ஓட்டம் எப்போது கிடைக்கும்?

ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு அளந்து தரப்பட வேண்டும். கணக்கு ஜூலை 1 தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30 வரை. ஆண்டு முழுவதும் சமமாகப் பரப்பினால் நொடிக்குச் சுமார் 230 கனஅடி. நடைமுறையில் அப்படிச் சமமாக வராது. சித்தூர் நெல்வயல்களின் தேவைக்கும் இருப்புக்கும் ஏற்ப, கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் வகுக்கும் அட்டவணைப்படி ஏறி இறங்கும். அட்டவணை மாறாத நாட்களில் ஆறு நூல் பிடித்தாற்போல் ஓடும். பெருமழை இல்லாத ஜனவரி, பிப்ரவரியில் அம்பராம்பாளையத்துக்கும் மணக்கடவுக்கும் நடுவே அப்படிப்பட்ட வாரங்கள் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

அணையில் திறந்த தண்ணீர் என் இடத்துக்கு எத்தனை மணிக்கு வரும்?

நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். பெருவெள்ளம் இதைவிட விரைவாக வரும், சிறு திறப்பு தாமதமாக வரும். கோடையில் முதல் திறப்பு வந்தால் காய்ந்த மணல் அதன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் விடும். பள்ளிவளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து பழைய அணைக்கட்டுகளும் வழியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்த பிறகே அடுத்ததற்குத் தண்ணீர். எல்லைக்கு அப்பால் மூலத்தறையில் கேரளத்தின் ஷட்டர்கள். அவற்றுக்குக் கீழே மீன் பிடிப்பவருக்கு ஆழியாறு அணையின் எண் பாதிச் செய்திதான், மறுபாதி மூலத்தறையில் இருக்கிறது.

நீங்களே நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் சரியான வழி. திறப்புச் செய்தி வந்த மணி, உங்கள் கல்லில் மட்டம் அசைந்த மணி. நாலைந்து முறை குறித்தால் உங்கள் இடத்தின் தாமதம் பிடிபடும்.

“உங்கள் கல்” என்றால்?

எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான். வழக்கமாகப் போகும் இடத்தில் நகராத பாறையோ பழைய பாலத்தூணோ இருக்கும். அதில் எனாமல் வண்ணத்தால் அரை அடிக்கு ஒரு கோடு போடுங்கள், அல்லது இயற்கையான வெடிப்பு ஒன்றை மனத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் போனதும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, அன்றைய வெளியேற்றம் எவ்வளவு என்று எழுதுங்கள். மத்திய நீர் ஆணையம் அம்பராம்பாளையத்தில் இதைத்தான் முறைப்படி செய்கிறது, மட்டத்தையும் ஓட்டத்தையும் அளந்து இரண்டையும் பொருத்தும் வேலை.

ஒரு பருவம் எழுதினால் வீட்டில் இருந்தபடியே எண்ணைப் பார்த்து, “இன்று தண்ணீர் மூன்றாவது கோட்டில் இருக்கும், தட்டைப் பாறைக்குப் போக முடியாது, புளியமரத்தடியில் உட்கார வேண்டும்” என்று சொல்லிவிடலாம். பெருவெள்ளம் மணலைப் புரட்டிப் போட்டுவிட்டால் அதே ஓட்டத்துக்கு மட்டம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புதிதாகத் தொடங்குங்கள். கல் இன்னொரு வேலையும் செய்யும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே கால்மணிக்கு ஒருமுறை அதைப் பார்க்கலாம்.

அணை மூடியிருந்தால் பயமில்லை அல்லவா?

அணைக்குக் கீழே உப்பாறும் பாலாறும் சேர்கின்றன. அவற்றில் வரும் மழைநீரை ஆழியாறு மதகு தடுக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மாலை இடிமழை ஒரு மணி நேரத்தில் பள்ளங்களை நிரப்பிவிடும். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை என்றும், 115.6 முதல் மிகக் கனமழை என்றும், 204.5 முதல் அதிகனமழை என்றும் வகுத்திருக்கிறது. ஆனால் அந்த அளவு காலை 8.30 மணிக்கு எடுப்பது, நேற்றைய கதை. இன்று பிற்பகல் உடுமலைப் பக்கம் கறுத்தால் எந்த அட்டவணையும் அதைச் சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலை ஆனைமலைக்குக் கீழே இருந்தேன். அணை வெளியேற்றம் குறைவு, என் தலைக்கு மேல் வானம் தெளிவு. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, தண்ணீர் வாசம் மாறிவிட்டது, மேலே ஏறு” என்றார். “இன்னும் பத்து நிமிடம், ஐயா” என்றேன். அவர் விடவில்லை, என் பையை எடுத்துக்கொண்டு தானே கரையேறினார். இருபது நிமிடத்தில் நான் உட்கார்ந்திருந்த பாறை மூழ்கிவிட்டது. பச்சை மண்ணும் அழுகிய இலையும் கலந்த அந்த வாசத்தை இப்போது என்னாலும் பிடிக்க முடிகிறது. திடீரென்று மிதந்து வரும் நுரை, சருகு, மாறிவிடும் ஓசை ஆகியவையும் அளவுக் கருவிகளே.

அமாவாசை, பௌர்ணமி பார்க்க வேண்டுமா?

கடலிலும் கழிமுகத்திலும் பாருங்கள். இந்த ஆற்றில் என் குறிப்புகளில் அதனால் வேறுபாடு தெரியவில்லை.

கைப்பேசிச் செயலி ஏதாவது உண்டா?

மத்திய நீர் ஆணையம் 2023 இல் வெளியிட்ட ‘ஃபிளட்வாட்ச் இந்தியா’ இருக்கிறது. பச்சை இயல்பு, மஞ்சள் எச்சரிக்கை மட்டத்துக்கு மேல், ஆரஞ்சு அபாய மட்டத்துக்கு மேல், சிவப்பு இதுவரை கண்ட உச்சத்தையே தொட்டது என்று பொருள். வெள்ளத்துக்காக உருவானது என்பதால் 100 கனஅடிக்கும் 200 கனஅடிக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. நம் தேவைக்கு நாளிதழும் கல்லுமே நெருக்கமானவை.

புதுவெள்ளத்தில் கூட்டமாக ஏறும் மீனைப் பிடிக்கலாமா?

வேண்டாம். முதல் மழையில் மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறி, வாய்க்காலுக்கும் வயலுக்கும் வருவது முட்டையிட. அந்த மீனின் வயிறு நிறைய அடுத்த ஆண்டின் மீன். கேரளத்தில் “ஊத்தப்பிடித்தம்” என்று சொல்லும் இந்த வேட்டையை 2010 ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. நீர்மட்டக் கணக்கைக் கற்றுக்கொண்டவருக்கு அந்த நாள் எது என்று மற்றவர்களைவிட முன்பே தெரியும். தெரிந்தவரே கம்பை மடக்கி வைக்க வேண்டும். இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன். என் சிறுவயதில் சாதாரணமாகக் கிடைத்த ஆரால் இப்போது என் மகன் கண்ணில் படுவதே அரிது.

அணை நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை குத்தகைதாரருக்கோ மீன்வளத் துறைக்கோ உரியது. அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும். ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களுக்குள் தூண்டிலை எடுத்துப் போகவே கூடாது.

எந்த நிலையில் கிளம்பவே கூடாது?

அணை நிரம்பும் தறுவாயில் இருந்து வரத்து கூடிக்கொண்டே வந்தால் கிளம்பாதீர்கள். ஆற்றுக்குப் போன பிறகு என்றால், ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் எடுத்து இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 0.5 ஐத் தாண்டினால் நான் காலை வைப்பதில்லை. முழங்கால் அளவு அரை மீட்டர் ஆழமும் நொடிக்கு ஒரு மீட்டர் வேகமும் சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. வழுக்குப் பாறை என்றால் அதற்கு முன்பே.

நடு ஆற்றுத் திட்டில் உட்காராதீர்கள். 2024 ஜூலையில் சித்தூர்ப்புழையில் இறங்கிய நால்வர், தண்ணீர் திடீரென்று ஏறியதால் நடு ஆற்றுப் பாறையில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி அவர்களைக் கரை சேர்த்தார்கள். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று கழன்று, நொடிக்குச் சுமார் 20,000 கனஅடி சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. முதல் நாள் மாலைச் செய்தியில் அதற்கு எந்த அறிகுறியும் இல்லை. இப்படி நடந்தால் கரையில் இருப்பவருக்கு ஏறிப் போக வழி உண்டு, திட்டில் இருப்பவருக்கு இல்லை.

நோட்டில் என்னென்ன எழுதுவது?

என் பக்கம் ஒன்றை அப்படியே தருகிறேன், தேதியை மட்டும் விட்டுவிட்டு:

“அணை 116 அடி. ஆற்றில் 210, முந்தாநாள் 480. கல்லில் இரண்டாம் கோடு, காலை ஏழுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு விரல் இறக்கம். நிறம் வெளுத்த தேநீர். புளியமரத்தடி மடுவின் தலைப்பு. மாவு உருண்டைக்கு ரோகு இரண்டு, மிர்கால் ஒன்று. பதினொன்றுக்கு மேல் கடி இல்லை.”

வெறுங்கையோடு திரும்பிய நாளுக்கும் இதே அளவு எழுதுங்கள்.